ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம்

என் வீட்டுக்காரருக்கு ராணுவத்தில் லாரிகளைப் பழுதுபார்க்கும் வேலை. பனி கொட்டுகிற மலையில், மற்றவர்கள் கைவிட்ட லாரியைக்கூட கிளப்பிவிடுவார் என்று அவருடைய நண்பர்கள் சொல்வார்கள். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிற காரோ ஒன்பது மாதத்தில் மூன்று முறை படுத்துவிட்டது. இந்தப் பெருமையை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

விடுப்பு முடிந்து கிளம்பும்போது ஒரு கட்டளை போட்டிருந்தார். ஞாயிறுதோறும் காரை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும். நான் ஒரு வாரமும் தவறியதில்லை. நின்ற இடத்திலேயே சாவியைத் திருகி, லைட், ஏசி, ஹாரன் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து, வீடியோ காலில் எஞ்சின் சத்தத்தை அவருக்குக் கேட்கவைத்து அணைப்பேன். எங்கள் தெருவில் பட்டாளத்துக்காரர் வீட்டுக் கார்களுக்கெல்லாம் இதே பூசைதான்.

மூன்றாவது முறை படுத்ததும் அவருக்குப் பொறுமை போய்விட்டது. "சும்மா நிக்கிற வண்டிக்கு எத்தனை பேட்டரி மாத்துறது? அடுத்த லீவுல வாரேன், வித்துருவோம்" என்றார்.

எனக்குத் திக்கென்றது. முப்பத்தெட்டு வயதில் அந்தக் காரில்தான் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தேன். அவர் பக்கத்தில் இல்லாமல் மெயின் ரோட்டில் ஏறப் பயந்துகொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம். என்றைக்காவது தனியாக ஓட்டுவேன் என்று நம்பி வைத்திருந்த வண்டி அது. அதை விற்பதா?

பேட்டரியைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றி, தென்காசி சாலையில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மறுநாள் வரை சார்ஜ் போட்டு, சோதிக்கிற கருவியை மாட்டிக் காட்டினார்.

"பேட்டரி நல்லா இருக்குக்கா. பட்டினி போட்டிருக்கீங்க. ஒருவாட்டி எம்புட்டு நேரம் ஓட்டுவீங்க?"

"ஓட்ட மாட்டேன். நிக்க வச்சு அஞ்சு நிமிசம் ஆன்ல விடுவேன்."

அவர் சிரித்துவிட்டார். "ஸ்டார்ட் பண்றதுக்கே நிறைய கரண்ட் போயிருதுக்கா. லைட்டு, ஏசி வேற. அம்புட்டும் அஞ்சு நிமிசத்துல திரும்பி ஏறுமா? வாரத்துக்கு ஒருநாள் நல்லா ரோட்டுல ஓட்டுங்க."

வந்த கோபத்தில் எனக்குக் காது சுட்டது. பட்டாளத்து மெக்கானிக்கின் கட்டளையல்லவா என் பேட்டரியைக் காயப்போட்டிருக்கிறது! அவருடைய லாரிகள் தினமும் ஓடுகிறவை; நிற்கிற காரின் கஷ்டம் அவருக்கு எங்கே தெரியும்? வாயால் சொன்னால் எடுபடாது, வண்டியே சொல்லட்டும் என்று முடிவுசெய்தேன். அந்தக் கடையிலேயே ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன்.

அடுத்த ஞாயிறு காலை பானெட்டைத் திறந்து, மீட்டரின் சிவப்பு முனையைப் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் வைத்தேன். 12.6 வோல்ட். ராத்திரி முழுக்க நின்ற பேட்டரி இப்படிக் காட்டினால் அதற்கு வயிறு நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்டார்ட் செய்ததும் பதினான்கைத் தாண்டியது, சார்ஜ் ஏறுகிறது. சாமியைக் கும்பிட்டுவிட்டு, தனியாக ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் ஏறினேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனாலேயே என்னைத் திட்டித் தீர்த்தார். ஆனாலும் கோபுரம் தெரிகிறவரை போய்த்தான் திரும்பினேன்.

அதன்பிறகு ஒரு ஞாயிறும் விடவில்லை. பால்கோவாவுக்கு அலைகிறேன் என்று தெருவில் கிண்டல் செய்தார்கள். கிண்டல் செய்தவர்களே பிறகு மீட்டரோடு தங்கள் வீட்டுக்கு வரச் சொன்னார்கள். நான்கு வீட்டுக் கார்களை நான்தான் சோதித்துச் சொன்னேன். அவர் போனில் கேட்டால், "ஸ்டார்ட் பண்ணிட்டேங்க" என்பேன். பொய் இல்லையே.

போன மாதம் விடுப்பில் வந்தார். வண்டியைப் பார்க்க ஓர் ஆளை வரச் சொல்லியிருந்தார். காலையில் சாவியைத் திருகினார். ஒரே திருகலில் பிடித்துக்கொண்டது. கிலோமீட்டரைப் பார்த்தவர் உள்ளே வந்து, "இம்புட்டு தூரம் யாரு ஓட்டுனது?" என்றார்.

"நான்தான்."

சமையலறைக் காலண்டரைக் காட்டினேன். ஒவ்வொரு ஞாயிற்றுக் கட்டத்திலும் என் கையெழுத்தில் 12.6, 12.5, 12.6. நடந்ததையெல்லாம் சொன்னேன், ஐந்து நிமிடக் கட்டளையையும் விட்டுவைக்கவில்லை. அவர் ஒவ்வொரு மாதமாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது வண்டி வாங்குகிறவரின் போன் வந்தது.

"ஓனரம்மா இங்கதான் இருக்காங்க, அவங்ககிட்டயே கேட்டுக்கோங்க" என்று போனை என்னிடம் நீட்டினார்.

"வண்டி விக்கிறதுக்கில்லைங்க" என்றேன். தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.