கடல் தாண்டிய பாம்பு

"பாம்பும் ஏணியும் ஒட்டிப் பழகுற பெட்டிடி இது. இதுல கப்பல் எப்படி ஓடும்?" என்று சித்தப்பா சிரித்தார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்படிச் சிரித்தால் பொறுக்க மாட்டேன். கணக்குக்குப் பரிசாகக் கிடைத்த பெட்டி அது. உள்ளே கட்டம் போட்ட அட்டை, ஒரு பகடை, சில பொத்தான்கள், ஒட்டுவதற்குக் காகிதப் பாம்புகள், ஏணிகள். சின்னப் பிள்ளைகள் விளையாட்டுச் செய்து எண்ணிப் பழக அது போதும். எனக்குப் போதவில்லை.

அந்த வாரம் அக்காவும் அத்தானும் ஒரேயடியாக இந்தியாவுக்குப் போக வேண்டியிருந்தது. தேயிலைத் தோட்டத்து ஆட்களை இரண்டு அரசாங்கமும் பேசிப் பங்கு பிரித்ததில் அத்தான் வீட்டாருக்கு இந்தியப் பிரஜாவுரிமை, எங்களுக்கு இலங்கை. கட்டிக்கொடுத்த அக்கா அவர்கள் கணக்கில் சேர்ந்துவிட்டாள்.

அட்டையோடு கலண்டர் தாள்களைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி நீட்டினேன். முதல் கட்டம் நாங்கள் குடியிருந்த வரிசை வீடு, எங்கள் லயம். பிறகு காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களம், பதுளை ஸ்டேஷன், கப்பல் ஏறும் தலைமன்னார். ஏணியைப் படுக்கப்போட்டுக் கப்பலாக்கினேன். அக்கரையில், கடைசிக் கட்டத்தில், பேர் தெரியாத ஒரு ஊர். ஆனால் போனவர்கள் திரும்பி வர வழியில்லை. மிச்சமிருந்தவை பாம்புகள்தான். நீளம் போதாமல் ஒன்றின் வாயில் இன்னொன்றின் வாலைச் செருகி, கடைசிக்கு முந்தின கட்டத்திலிருந்து கடல் தாண்டி லயம்வரை இறக்கினேன்.

மழைக்கு எல்லோரும் வீட்டில் முடங்கிய ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடந்தது.

"என்னா மச்சினி, பாம்பு கடிச்சாத்தான் வீட்டுக்கு வரலாமா? நல்லா இருக்கே ஒன் சட்டம்!" என்றார் அத்தான்.

அக்காவின் பொத்தான் பாம்பின் தலைக்கு ஒரு கட்டம் பின்னால் நின்றது. ஒன்று விழுந்தால் லயம், இரண்டு விழுந்தால் வெற்றி. இரண்டு விழுந்தது.

"கை தவறிப்போச்சு, திரும்பப் போடுறேன்," என்றாள். போட்டாள். ஒன்று விழவில்லை. மறுபடியும் உருட்டினாள்.

"கள்ள ஆட்டம் ஆடாதக்கா! நீதான் ஜெயிச்சிட்டியே!" என்று கத்தி, அவள் பொத்தானை நானே எடுத்துக் கடைசி ஊரில் வைத்தேன். அம்மா எழுந்து அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

"சரி, ஜெயிச்சிட்டேன்," என்றாள் அக்கா.

ஜெயித்தவள் ஏன் ஒன்று கேட்டுத் திரும்பத் திரும்ப உருட்டினாள் என்று அன்று எனக்குப் புரியவில்லை. சித்தப்பாவின் வாயை அடைத்துவிட்ட பெருமையிலேயே இருந்தேன்.

இப்போது நான் ஆசிரியை. அக்காவைத் திரும்ப அழைத்து வர எந்தச் சட்டத்திலும் இடமில்லை, விசாரித்துவிட்டேன். பார்த்துவிட்டு வர மட்டும் அனுமதி கிடைத்தது. இன்று காலை பதுளையில் ரயில் ஏறினேன். ரயில் தெமோதரை ஸ்டேஷனைத் தாண்டிவிட்டது.