அக்காவின் முட்டி

எனக்குச் சோறு போடுவது ஒரு ஜெல். ஆறிப்போன ஜவ்வரிசிக் கஞ்சி போல இருக்கும். அதற்குள் ஸ்டெம் செல்களை விட்டு, அவற்றை வளரத் தூண்டும் புரதத்தையும் சேர்த்து வைப்போம். புரதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து செல்களைக் குருத்தெலும்பாக்க வேண்டும். எங்கள் சென்னை ஆய்வுக்கூடத்தில் அது ஒரேயடியாகக் கசிந்து தொலைக்கிறது. சரியாக வந்தாலும் முயல் முட்டியில் நாங்கள் போட்ட சின்னப் பள்ளத்தைத்தான் மூடும்.

இதை ஆரணியில் அக்கா வீட்டில் ஒரு முறை பேசினேன். பாதிதான் காதில் விழுந்தது போலிருக்கிறது. அக்காவின் கணவருக்கு அந்தப் பாதி வசதியாகப் போயிற்று.

அக்கா குழித்தறியில் பட்டு நெய்கிறவள். மிதி மிதித்தே வலது முட்டி தேய்ந்துவிட்டது. செயற்கை முட்டி வைத்தே ஆக வேண்டும் என்று வேலூர் டாக்டர் சொல்லிவிட்டார். காப்பீடு இருக்கிறது, காசு ஒரு பிரச்சினையே இல்லை.

மாமாவோ, "பாவு முடியட்டும்" என்பார். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றியிருக்கும் இழைகள்; ஒரு பாவில் சில சேலைகள் வரும். நடுவில் வேறு கை நெய்தால் சேலையில் கோடு விழும், அது நியாயம்தான். ஆனால் எங்கள் தறிகளில் பாவு எங்கே முடிகிறது? பழைய பாவின் வால் இழைகளோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்துவிடுவார்கள். அக்கா அதைச் சொல்லிக் கேட்டால் அவரிடம் அடுத்த சாக்கு தயார்.

"உன் தம்பி ஜெல்லு கண்டுபுடிச்சிகினு இருக்கான் இல்ல, அது வரட்டும். எதுக்கு ஜல்தியா கால அறுத்துக்கணும்?"

கேட்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும். என் வேலையைக் காட்டியே என் அக்காவை நொண்ட வைக்கிறார் இந்த மனிதர்.

போன தை மாதம் நான் போயிருந்த அன்று அப்போதைய பாவின் கடைசிச் சேலை முடிந்திருந்தது. புதுப் பாவோடு பிணைக்கிறவர் வாசலில் நின்றார். அக்கா இரண்டு கைகளையும் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு தறிக்குழியிலிருந்து ஏறினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமா, அந்த ஜெல்லு சின்ன ஓட்டைய அடைக்கத்தான். முழுசா தேஞ்ச முட்டிக்கு அது ஆவாது. இனிமே என் பேர சொல்லி அக்காவ உக்கார வெக்காதீங்க!" என்று கத்தினேன்.

"பேஜார் பண்ணாத மச்சான்" என்றவர், பிணைக்கிறவரை உள்ளே கூப்பிட்டார்.

அக்கா, புதுப் பாவைப் பிணைப்பதற்காகத் தறியில் விட்டுவைத்திருந்த வால் இழைகளைக் கத்தரியால் வெட்டி, கொத்துக் கொத்தாக உருவிப் போட்டாள். இனி அத்தனை இழையையும் முதலிலிருந்து கோத்தால்தான் தறி ஓடும்.

"அடிப்பாவி! மறுபடி எப்போ ஏத்தறது?" என்று அலறினார் மாமா.

"என் தம்பி ஜெல்லு வரட்டுங்க" என்றாள் அக்கா.