பதில் போன இடம்

கம்ப்யூட்டர் நெட்வொர்க் ஓடாத இடத்துக்கு என்னைக் கூப்பிடும்போதே யார்மேல் தப்பு என்று முடிவு செய்துவிட்டுத்தான் கூப்பிடுவார்கள். நான் போய் அதற்கு ஒரு முத்திரை குத்த வேண்டும், அவ்வளவுதான். எனக்கு இதில் பற்றிக்கொண்டு வரும்.

திருவொற்றியூரில் அந்தக் கன்டெய்னர் யார்டிலும் அப்படித்தான். கேட்டில் டிரெய்லரை எடை போட்டு, கம்ப்யூட்டரில் பதிந்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் நினைத்தால் வேலை செய்தது, நினைத்தால் நின்றது. வண்டிகள் மெயின் ரோடு வரைக்கும் வரிசை கட்டி நின்றன. கேட்டில் உட்கார்ந்திருந்தது வியாசர்பாடிப் பெண் ஒருத்தி, ஒப்பந்த ஊழியர். பதறிப்போய்க் கண்ட பட்டனையும் அழுத்துகிறாள், அதனால்தான் கம்ப்யூட்டர் நின்றுபோகிறது என்றார் மேனேஜர். மாதக் கடைசியோடு அவளை நிறுத்தப்போகிறாராம். அதற்கு என்னிடம் ஒரு ரிப்போர்ட் வேண்டுமாம்.

அவளிடம் போனேன். டிரைவர்கள் ஜன்னலுக்கு வெளியே கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் உடையவில்லை.

"நான் கரீட்டாத்தான்கா அமுக்குறேன். அங்கேர்ந்து பதில்தான் வர்ல. சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்றாங்க."

நம்புவதும் நம்பாததும் என் வேலை இல்லை. கம்பியில் என்ன போகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. சர்வர் அறையில், எல்லாக் கேபிளும் வந்து சேரும் பெட்டியில் என் லேப்டாப்பைச் செருகினேன். அந்த வழியாகப் போகும் ஒவ்வொரு செய்தியையும், எங்கிருந்து எங்கே போகிறது என்பதோடு அப்படியே பிடித்துவைக்கும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதை ஓடவிட்டு, அவளை வழக்கம்போல வேலை பார்க்கச் சொன்னேன். மேனேஜர் காபி வரவழைத்தார். ரிப்போர்ட் எப்போது கிடைக்கும் என்று மறுபடியும் கேட்டார். காபி நன்றாக இருந்ததால் பொறுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கேட் கம்ப்யூட்டர் மறுபடியும் நின்றது. பிடித்துவைத்ததை விரித்துப் பார்த்தேன். அவள் அழுத்தியது ஒரே தடவை. அது சர்வருக்கு ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தது. சர்வரும் உடனே பதில் அனுப்பியிருந்தது. ஆனால் அந்தப் பதில் போனது வேறொரு கம்ப்யூட்டருக்கு. அவளுடைய கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க்கில் கொடுத்திருந்த முகவரியையே வைத்துக்கொண்டு, அந்த யார்டுக்குள் இன்னொன்று 'நான்தான் அது' என்று சொல்லிக்கொண்டிருந்தது. சர்வர் பாவம், சில சமயம் இதை நம்பியது, சில சமயம் அதை நம்பியது.

எனக்குக் கை பரபரத்தது. பதில் போன கேபிளைத் தொடர்ந்து போனேன். மேனேஜரும் பின்னாலேயே வந்தார். அது ஸ்டோர் ரூமில் போய் முடிந்தது. உள்ளே, கேட்டில் முன்பு இருந்த பழைய கம்ப்யூட்டர் சந்தனமும் குங்குமமும் காய்ந்த சாமந்தி மாலையுமாக ஓடிக்கொண்டிருந்தது. புதியதை வாங்கியபோது இதன் முகவரியையே அதற்கும் கொடுத்திருக்கிறார்கள். இது அணைந்து கிடந்த வரைக்கும் சிக்கல் இல்லை.

இதை யார் போட்டது என்று கேட்டேன். மேனேஜர் மாலையைப் பார்த்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். உழைத்த மெஷின், பூஜையன்று இருட்டாகக் கிடக்கக் கூடாது என்று எல்லா வயரையும் செருகி ஓடவிடச் சொன்னதே அவர்தான். கற்பூரம் காட்டியதும் அவரே. பூஜையில் வைத்ததை அன்றைக்கே தொடக் கூடாது என்று அப்படியே விட்டிருக்கிறார்கள், அப்புறம் மறந்தே போய்விட்டது.

"எல்லாருந்தான் கும்பிட்டோம், மேடம்" என்றார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கேட்டுக்கு வந்தோம். அவள் அடுத்த டிரெய்லரைப் பதிந்தாள். பதில் வந்தது. அதற்கடுத்ததும் போனது. வெளியே சத்தம் குறைந்தது. மேனேஜர் ஆபீசுக்குப் போன் போட்டு, அவளே இருக்கட்டும், வேறு ஆள் வேண்டாம் என்று சொன்னார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

என்ன நடந்தது என்று அவளிடம் சொன்னேன். அவள் என் லேப்டாப்பைப் பார்த்தாள்.

"நான் அமுக்குனது இதுல இருக்குதாக்கா?"

இருக்கிறது என்று அந்த வரியைத் தொட்டுக் காட்டினேன். அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளி இடம் விட்டாள்.

"சார், இப்டி வந்து பாருங்க."

அவர் வந்து, குனிந்து பார்த்தார்.