வேப்பிலையும் குளிசையும்

1990ஆம் ஆண்டு, சித்திரை மாதம். இந்திய இராணுவம் கப்பலேறிப் போய்விட்டது. அடுத்த சண்டை இன்னும் தொடங்கவில்லை. அந்தச் சின்ன இடைவெளியில்தான் ஐரோப்பாவில் இருந்த என் அண்ணன் நயினாதீவுக்கு வந்து நின்றான். பெண் பார்க்க வந்திருக்கிறான் என்று ஊர் முழுக்கக் கதை. எங்கள் ஊரில் ஒருவன் பெரிய பெட்டியோடு வள்ளத்தால் இறங்கினால் போதும், சனம் பந்தல் போடுகிற அளவுக்குப் போய்விடும்.

அவன் வந்த காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். வந்த கிழமையே கடற்கரைக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டான். எச்.ஐ.வி. அந்தப் பெயரை அதுவரை பத்திரிகையில் மட்டுமே பார்த்திருந்தேன். அம்மாவை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டுப் போக வந்தானாம். அவவுக்கு மட்டும் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினான்.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவள் என்பதால் விளக்கமாகவே சொன்னான். உடம்பைக் காவல் காக்கும் வெண்குழியங்களில் ரி கலம் என்று ஒரு வகை உண்டு. இந்தக் கிருமி அந்தக் காவல்காரனுக்குள்ளேயே குடிபுகுந்து பெருகும். அவன் விழுங்கும் மருந்துக் குளிசை கிருமியை அமத்தி வைத்திருக்கும்வரை ரி கலங்கள் மெல்ல மெல்லக் கூடும். அங்கே இரத்தம் எடுத்து எண்ணியபோது கூடித்தான் இருந்ததாம். குளிசையை விட்டால் கிருமி திரும்பவும் எழும்பிவிடும்.

"அப்ப ரி கலங்களும் சண்டைக்கு எழும்பும்தானே?" என்று கேட்டேன்.

"எழும்பும். ஆனால் சண்டைக்கு எழும்புறவனைத்தான் அது முதலிலை பிடிக்கும்" என்றான்.

அம்மாவைப் பொறுத்தவரை அது இரத்தம் ஊறுவதற்கான குளிசை. அவன் மணி பார்த்து விழுங்குவதைக் கண்டு, "உந்தக் குளிசையை விட்டுப்போட்டு ஒழுங்காச் சோத்தைச் சாப்பிடு ராசா" என்று பகிடி பண்ணுவா. அவனும் சிரித்துக்கொண்டே விழுங்குவான். நான் எழுந்து குசினிக்குள் போய்விடுவேன்.

அந்த நேரம் அயலில் பிள்ளைகளுக்குக் கொப்புளிப்பான் அம்மை பரவிக்கொண்டிருந்தது. சிறு வயதில் எனக்கு வந்தபோது அண்ணன் மட்டும் தப்பியிருந்தான். இப்போது அவனுக்கும் வந்தது. ஒரே நாளில் முகம், முதுகு, வாய்க்குள் எல்லாம் கொப்புளம்.

எங்கள் பக்கத்தில் அதை நோய் என்று சொல்வதில்லை. அம்மாள் வந்திருக்கிறா என்போம். வாசல் படலையில் வேப்பிலை கட்டியாகும், குசினியில் பொரிப்பதும் தாளிப்பதும் நிற்கும், கொப்புளம் காய்ந்து தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை மருந்து என்ற பேச்சே எடுக்கக் கூடாது. நாங்களெல்லாம் அப்படிக் கிடந்து பிழைத்தவர்கள்தான். அம்மா அன்றைக்கே அவனுடைய குளிசைப் போத்தல்களைத் தூக்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டா.

"அம்மாள் வந்து நிக்கேக்கை மருந்து குடிச்சால் கண்ணைப் பறிச்சுப்போடுவா" என்றா.

அண்ணன் முதல் நாள் கேட்டுப் பார்த்தான். அடுத்த நாள் காய்ச்சலில் கேட்கக்கூடத் தெம்பில்லை. எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றால் அலுமாரித் திறப்பு அம்மாவின் இடுப்பில் தொங்கியது, அம்மாவோ அவனுடைய பாயை விட்டு அசையவில்லை. வேப்பங்கொத்தால் தடவிக்கொண்டே இருந்தா. ஒவ்வொரு நேரக் குளிசையாகத் தவறிக்கொண்டிருந்தது. உள்ளே கிருமி எழும்பியிருக்கும், காவல்காரர்கள் ஓடிப்போய் ஓடிப்போய் விழுந்துகொண்டிருப்பார்கள், வெளியே நாங்கள் பக்தியாக வேப்பிலை வீசிக்கொண்டிருக்கிறோம். பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

அதற்கடுத்த நாள் காலை அவனுக்கு இருமல் தொடங்கியது. மூச்சு இழுக்கும்போது விலா எலும்பு உள்ளே போய்ப்போய் வந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. அவனுக்குச் செய்த சத்தியமா, அவனுடைய உயிரா என்று யோசிக்க இனி நேரமில்லை என்று தெரிந்தது. புது வேப்பிலை முறிக்க வளவுக்குப் போன அம்மாவின் பின்னால் ஓடினேன்.

"அம்மா, அது சத்துக் குளிசை இல்லை. அண்ணாவுக்கு எய்ட்ஸ் கிருமி இருக்கு. உந்தக் குளிசை இல்லாட்டில் கொப்புளிப்பானே ஆளைக் கொண்டுபோடும்."

அம்மா கொப்பைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"உண்மையோ பிள்ளை?"

"ஓம் அம்மா."

"சாகிற வருத்தமோ?"

"ஓம். குளிசையை விட்டால் கெதியாய்."

அழுவா, என்னை அடிப்பா, எப்படி வந்தது என்று கேட்பா என்று நின்றேன். ஒன்றுமில்லை. கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு நேரே சாமிப்படத்துக்கு முன்னால் போனா. விளக்கைக் கொளுத்தினா. ஆரோ பக்கத்து வீட்டுக்காரியோடு கதைக்கிற மாதிரி, சத்தமாகவே கதைத்தா.

"தாயே, நான் மருந்து குடுக்கப்போறன். குடுக்கிறது நான், அவன் கேக்கேல்லை. குத்தம் முழுக்க என்ரை. கண்ணைப் பறிக்கிறதெண்டால் என்ரை கண்ணைப் பறி."

பிறகு அலுமாரியைத் திறந்து, அவனை மடியில் சாய்த்து, தன் கையாலேயே குளிசையை வாயில் வைத்துத் தண்ணீர் பருக்கினா. சாமியிடம் சொன்னது அம்மாவுக்கு நடிப்பில்லை. தன் கண் போகப்போகிறது என்று உண்மையாகவே நம்பிக்கொண்டுதான் கொடுத்தா.

"வெளிக்கிடு, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம்" என்றா.

இறங்குதுறையில் இருந்த வள்ளக்காரர் வேப்பிலையையும் போர்த்தியிருந்த அண்ணனையும் பார்த்துப் பின்வாங்கினார். ஏற வந்த சனம் விலகி நின்றது.

"அம்மாள் வருத்தக்காறரைக் கடலாலை கொண்டுபோக ஏலாது அக்கா."

"நான் அம்மாளிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் வாறன் தம்பி. நீர் வள்ளத்தை எடும்."

அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் மூன்று பேரை மட்டும் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டார். குறிகட்டுவானில் இறங்கி, கார் பிடித்து, யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை அண்ணனின் ஒவ்வொரு மூச்சையும் நான் கேட்டுக்கொண்டே வந்தேன். இரண்டு தரம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன்.

டொக்டர் நல்ல மனிதர். "இந்த வருத்தத்தை நான் புத்தகத்திலைதான் படிச்சனான்" என்று ஒளிக்காமல் சொன்னார். கொப்புளிப்பான் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது, எதிர்த்து நிற்க ஆளில்லை, ஒட்சிசன் கொடுத்துப் பார்ப்போம், குளிசையை மட்டும் இனி விடவே கூடாது என்றார். அதன்பிறகு அம்மா மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தா. நேரம் வந்ததும் தாதி வரமுன்னரே குளிசை அம்மாவின் உள்ளங்கையில் இருக்கும். ஒருநாள் விடியப்புறம் அண்ணன் கஞ்சி கேட்டான். நான் விறாந்தைக்குப் போய்ச் சத்தம் போட்டு அழுதேன்.

சண்டை தொடங்குவதற்குச் சற்று முன்னர் அவன் திரும்பிப் போனான். அங்கே எண்ணிப் பார்த்தபோது ரி கலங்கள் பாதாளத்துக்குப் போயிருந்தனவாம். குளிசை தொடரத் தொடர மெல்ல ஏறின. சில வருடத்தில் கிருமி அந்தக் குளிசைக்குப் பழகிவிட, மறுபடி இறங்கின. அவன் இழுத்துப் பிடித்துக் கிடந்தான், அதற்குள் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் காலம் வந்தது. இன்றைக்கு அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. தொலைபேசியில் என்னோடு சண்டையும் பிடிக்கிறான்.

அம்மா கண் பார்வையோடுதான் கடைசிவரை இருந்தா. சாகும்வரை அம்மனையும் விடவில்லை. உலகமே முதலில் கேட்கிற கேள்வியை, அந்த வருத்தம் எப்படி வந்தது என்பதை, அம்மா அண்ணனிடமும் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. ஒருவர் மேல் உண்மையாகவே அன்பு வைத்திருக்கிறேனா என்று எனக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம், அவரிடம் எதைக் கேட்காமல் இருக்க என்னால் முடிகிறது என்றுதான் இன்றைக்கும் பார்த்துக்கொள்கிறேன்.