பின்சீட்டு இருந்த இடம்

இளையவனுக்குக் கிடப்பு என்று பேர் வைத்தது கூடப் பிறந்த அண்ணனேதான். பட்டறைக்கு வருகிற வாடிக்கைக்காரர்கள், எதிர்க்கடைக்காரர், கடைசியில் பெண்டாட்டி வீட்டுச் சனம் வரைக்கும் அந்தப் பேர் பரவிவிட்டது. சோம்பேறி என்று நினைத்துவிடக் கூடாது. ஏதாவது ஒரு காருக்கு அடியில் கிடப்பான், இல்லையென்றால் காருக்குள்ளே கிடப்பான். நிமிர்ந்து நின்று அவன் செய்த வேலை குறைவு.

பட்டறை அப்பன் விட்டுப்போனது. வாசல் பலகையில் இருந்தது மூத்தவன் பேர் மட்டும். இஞ்சின் மூத்தவன் கை, பின்பக்கம் இளையவன் கை என்று வேலை பிரிந்திருந்தது. "குதிரை என்னுது, வாலு அவன்துங்க" என்று மூத்தவன் வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பான். இளையவனும் கூடச் சிரிப்பான்.

மூத்தவனுக்குப் பெண் கொடுத்த வீட்டிலேயே அடுத்த பெண்ணை இளையவனுக்குக் கட்டிவைத்தார்கள். அக்காள் பின்னால் இருந்த வீட்டில், தங்கை பட்டறைக்கு மேலே ஒற்றை அறையில். தங்கை காலையில் இறங்கிப்போய் அக்காள் வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு, பாத்திரத்தில் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு மேலே ஏறுவாள். கீழே இஞ்சினை முடுக்கும்போது அவள் அறையில் தண்ணீர்ச் செம்பு தானாக நகரும்.

அண்ணன் தம்பி இருவருக்கும் உயிராக இருந்தது ஒரு பழைய கார். அதைப் பந்தயக் காராக மாற்றியிருந்தார்கள். ஊருக்கு வெளியே விமானம் இறங்குவது நின்றுபோன ஒரு ஓடுதளம் இருந்தது. அங்கே இரண்டு இரண்டு காராக நிறுத்தி, கொடி விழுந்ததும் நேராக விரட்டுவார்கள். வளைவு கிடையாது, பிரேக் கிடையாது. கிளம்புகிற நேரத்தில் எவன் முந்தினானோ அவன்தான் ஜெயித்தான்.

அந்தக் கிளம்புகிற நேரம்தான் இளையவன் வாழ்க்கை முழுவதையும் தின்றது. இஞ்சின் எவ்வளவு பெரிதானால் என்ன, அதன் பலமெல்லாம் ரோட்டைத் தொடுவது பின் டயர் தரையில் பதிகிற உள்ளங்கை அகலத்தில்தான். ஒரே மிதியில் பலத்தை இறக்கினால் பின் சக்கரங்களைத் தாங்கும் ஆக்சில் தன் இடத்தில் நிற்காமல் முறுக்கிக்கொள்ளும். டயர் தரையை அமுக்கும், விட்டுவிடும், மறுபடி அமுக்கும். கார் கட்டிப்போட்ட கழுதை மாதிரி பின்னங்காலை உதறிக்கொண்டு நிற்கும், எதிராளி போய்ச் சேர்ந்திருப்பான். ஆக்சிலைக் காரின் உடம்போடு பிடித்திருக்கும் இரும்புக் கம்பிகளை அவர்கள் பட்டறையில் கை என்பார்கள். அந்தக் கை கிட்டத்தட்ட மட்டமாகக் கிடந்தால் பலம் காரை முன்னால் தள்ளும். சாய்வு கூடினால் அதே பலம் காரின் பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கிப் போடும்.

"பின்பக்கம் துள்ளாம ஒரு தடவ கிளம்பட்டும்டா. அன்னைக்கு ஸ்டீயரிங் உன் கையில" என்று மூத்தவன் ஒரு நாள் சொன்னான். சொன்னவன் மறந்துவிட்டான். கேட்டவன் மறக்கவில்லை. இளையவனுக்கு வேறு ஆசையே கிடையாது. அந்தக் காரை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கொடி விழும்போது அவன் ஓட்ட வேண்டும்.

அதற்காக அவன் கண்டுபிடித்த வழி வேறு எந்தப் பட்டறையிலும் கிடையாது. பின்சீட்டைக் கழற்றி எறிந்தான். தரைத் தகட்டில் சதுரமாக ஓட்டை வெட்டி, தடித்த கண்ணாடி பதித்தான். அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, "போண்ணே!" என்பான். மூத்தவன் பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி ரோட்டில் காரை விரட்டுவான். இளையவன் கண்ணாடி வழியாக ஆக்சில் எப்படி முறுக்குகிறது, ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது, கை எந்தப் பக்கம் தூக்குகிறது என்று பார்த்துக்கொண்டே போவான். தலை இடிக்கும். முழங்கை தோல் உரியும். ஒரு தடவை முன்பல் உதட்டைக் கிழித்துக்கொண்டது.

"என்னடா தெரியுது?"

"ரத்தந்தாண்ணே தெரியுது."

"தொடச்சிட்டுப் பாருடா."

கம்பிக் கையை ஒரு துளை மேலே, ஒரு துளை கீழே என்று மாற்றி மாற்றிப் பூட்டி, ஸ்பிரிங்கை வெட்டி, ஷாக் அப்சார்பரை இறுக்கி, கடைசியில் துள்ளலை அடக்கினான். கார் பின்னால் பதுங்கி, அப்படியே வழுக்கிக்கொண்டு போனது.

"துள்ளலண்ணே!"

"இஞ்சின்ல இன்னும் தெம்பு ஏத்தணும்டா. அப்பவும் துள்ளாம இருந்தா பாக்கலாம்."

இப்படித்தான் ஒவ்வொரு தடவையும். இளையவன் பின்பக்கத்தை அடக்கினால் மூத்தவன் இஞ்சினைக் கூட்டுவான். துள்ளல் மறுபடி வரும். இளையவன் மறுபடி குப்புறப் படுப்பான். அவன் முன்நெற்றி வழுக்கையானது இப்படியேதான்.

இதில் ஒரு தப்பு இருந்தது. ஸ்பிரிங்கை எடை போட்டான், டயரை எடை போட்டான், டாங்கில் இருந்த பெட்ரோலைக்கூடக் கணக்கில் வைத்தான். தன்னைத்தான் எடையாக நினைக்கவில்லை. அவன் பின்னால் கிடக்கும்போது கார் அமுங்கி, கை மட்டமாக இருந்தது. அவன் இறங்கினால் பின்பக்கம் உயரும், கை சாய்ந்துவிடும். அவன் அடக்கினதெல்லாம் அவன் உள்ளே கிடக்கிற காரை.

மூத்தவனுக்கு இது முதல் பந்தயத்திலேயே தெரிந்துபோயிற்று. தனியாக ஓட்டினான், கார் துள்ளியது, தோற்றான். வீட்டுக்கு வந்து தம்பியைப் பட்டறைக்காரர்கள் நடுவில் நிற்கவைத்துக் கிழித்தான். ஆனால் காரணத்தைச் சொல்லவில்லை. பெண்டாட்டியிடம் மட்டும் சொன்னான். அடுத்த பந்தயத்துக்கு இளையவனின் பழைய வேலை உடுப்பில், சட்டையும் கால்சட்டையும் ஒன்றாகத் தைத்த உடுப்பு அது, கழுத்து வரை மணலை அடைத்து, பின்சீட்டு இருந்த இடத்தில் கட்டிக்கொண்டு போனான். ஜெயித்தான். அன்றிலிருந்து ஓடுதளத்தில் அந்த மூட்டைக்குத் தம்பி என்றே பேர். "தம்பிய ஏத்தியாச்சா?" என்று கொடி வீசுகிறவன் கேட்பான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இளையவனுக்கு எதுவும் தெரியாது. பந்தய நாளில் பட்டறையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவனை விட்டுவிட்டுப் போவார்கள்.

உடுப்பைக் காணோம் என்று தேடினபோது, "அண்ணி, என் பழைய உடுப்பப் பாத்தீங்களா?" என்று கேட்டான்.

"கிழிச்சி எண்ணெ தொடைக்கப் போட்டாச்சு தம்பி. அதையும் போயி யாராவது தேடுவாங்களா?"

மாமனார் ஒரு நாள் மகள்களைப் பார்க்க வந்தார். சாப்பிட உட்கார்ந்த இடத்தில், வெள்ளை மனசோடு, "சின்ன மாப்ள எப்ப ஓட்டப் போறாரு?" என்று கேட்டுவைத்தார். மூத்தவன் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் இருந்தான். அண்ணிதான் முந்திக்கொண்டாள்.

"இந்தத் தடவ குடுத்துடுங்களேன். ஒரு தடவ ஓட்டிட்டா அந்த ஆசை அடங்கிப்போயிடும்."

மூத்தவன் அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "சரிடா, நீயே ஓட்டு" என்றான்.

தங்கை குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. பிறகு தேய்க்க ஆரம்பித்தாள்.

பந்தயத்தன்று இளையவன் முகம் மழித்து, தலை வாரி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு போனான். மணல் மூட்டையை மூத்தவன் சாமான் ஏற்றி வந்த வேனிலேயே விட்டுவிட்டான். கொடி வீசுகிறவன் அக்காள் தங்கை இருவருக்கும் தாய்மாமன் மகன், உறவுமுறைக் கேலிக்கு உரிமை உள்ளவன். குனிந்து பின்னால் எட்டிப் பார்த்தான்.

"என்ன, இன்னைக்கு மண்ணுத் தம்பிய விட்டுட்டு நெசத் தம்பியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இளையவனுக்குப் புரியவில்லை. வாழ்நாளெல்லாம் கேட்ட கிண்டலில் இதுவும் ஒன்று என்று நினைத்துத் தானும் சிரித்துவைத்தான். சீட்டின் இடுப்பு வாரை இறுக்கினான். ஸ்டீயரிங்கைப் பிடித்தபோது உள்ளங்கை வேர்த்திருந்தது, சட்டையில் துடைத்துக்கொண்டான். முன்கண்ணாடி வழியாக ரோடு இவ்வளவு அகலமாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. அவன் பார்த்த ரோடெல்லாம் சதுர ஓட்டைக்குள் ஓடினதுதான்.

கொடி விழுந்தது. மிதித்தான். பின்பக்கம் தூக்கிப் போட்டது. இன்னும் மிதித்தான். தடதடவென்று நாலு துள்ளல் துள்ளி, அடியில் எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். ஆக்சில் ஷாஃப்ட் இரண்டாகப் போய்விட்டது. கார் கிளம்புகிற கோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. எதிராளி காரின் புகை மட்டும் தெரிந்தது.

மூத்தவன் நிதானமாக நடந்து வந்தான். சனம் எல்லாம் கேட்கும்படி, "பின்பக்கம் யாரு வேல?" என்றான்.

"என் வேலண்ணே."

"கேக்கல."

"என் வேலதாண்ணே!"

சிரிப்பு அடங்க நேரம் ஆயிற்று. இழுத்துப் போகக் கயிறு எடுக்க இளையவன் வேனுக்குப் போனான். அங்கே அவனுடைய உடுப்பு மல்லாக்கப் படுத்திருந்தது. வயிறு உப்பி, கால் இரண்டும் விறைத்து, கழுத்தைக் கோணி ஊசியால் தைத்திருந்தது. தையலைப் பார்த்தான். சாய்வாகப் போய்த் திரும்பி வந்து முடிச்சுப் போடுகிற தையல். தலையணை உறையில், அவன் சட்டைக் காலரில் தினமும் பார்க்கிற தையல். அதை முதுகால் மறைத்துக்கொண்டு கயிற்றை எடுத்தான்.

அன்று மாலை அறையில் பெண்டாட்டியிடம் கேட்டான். "நீதான தெச்ச?"

"அக்கா தெக்கச் சொன்னா. தெச்சேன்."

"எதுக்குன்னு கேக்கலயா?"

"கேட்டா மேல குடி வெச்சிருப்பாளா? சோறு போடுவாளா?" அவள் குரல் உயரவே இல்லை. "உங்களுக்குத் தெரியுமோன்னு நெனச்சேன். தன் எடை தனக்குத் தெரியாத மனுசன் இருப்பாங்களா?"

மறுநாளிலிருந்து ஷாஃப்ட் மாற்றுகிற சாக்கில் காருக்கு அடியில் போனான். இந்தத் தடவை உள்ளே யாரும் கிடக்காமல், காரை வெறுமனே நிறுத்தி அளந்தான். கை பூட்டுகிற துளைகளை அடைத்துவிட்டுப் புதுத் துளை போட்டான். ஸ்பிரிங்கை மாற்றினான். பின்பக்கம் காலியாக இருந்தால் கை மட்டம், மூட்டையை ஏற்றினால் கார் சாணி மாதிரி பின்னால் அமுங்கி உட்கார்ந்துவிடும். யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் அந்த மூட்டையை ஏற்றட்டும், ஏற்றிக்கொண்டு போய் எல்லார் முன்னாலும் மண்ணைக் கவ்வட்டும். அது ஒன்றை நினைத்துக்கொண்டுதான் சாப்பிட்டான், தூங்கினான்.

அடுத்த பந்தயத்துக்குக் கூப்பிடாமலே போனான். கம்பி வேலி ஓரமாக நின்றான். மூத்தவனும் அண்ணியும் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கி மூட்டையை உள்ளே போட்டார்கள். அண்ணன் இவனைப் பார்த்தான், தலையாட்டினான். இவனும் தலையாட்டினான்.

ஆனால் பந்தயத்துக்கு முன்னால் வெள்ளோட்டம் என்று ஒன்று உண்டு. மூத்தவன் மிதித்தான். கார் பின்னால் குந்தி, மூக்கை வானத்துக்குத் தூக்கி, சுரணையில்லாமல் ஊர்ந்தது. பாதியில் நிறுத்திவிட்டான். இறங்கி ஒரு சுற்றுச் சுற்றினான். பின்பக்கத்தை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தான், குனிந்து அடியில் பார்த்தான், புதுத் துளையைப் பார்த்தான். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தான். கதவைத் திறந்து, மூட்டையைக் காலைப் பிடித்து இழுத்து ரோட்டோரம் எறிந்தான்.

அன்று அந்தக் கார் போன மாதிரி அந்த ஓடுதளத்தில் எதுவும் போனதில்லை. ஒரு துள்ளல் இல்லை, ஒரு சறுக்கல் இல்லை. மூட்டை எடையும் இல்லாமல், இஞ்சினின் பலமெல்லாம் சிந்தாமல் தரையில் இறங்கியது. கொடி வீசுகிறவன் கொடியைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினான்.

மூத்தவன் வேலிக்கு வந்தான். "நல்லா பண்ணியிருக்கடா. இத மொதல்லயே பண்ணியிருந்தா மூட்டையே வேண்டியதில்ல."

"அண்ணே, துள்ளல."

"துள்ளல."

"சொன்னீங்களே... துள்ளலன்னா நான் ஓட்டலாம்னு."

"நான் ஓட்டினப்ப துள்ளல. நீ ஓட்டினப்ப துள்ளிச்சே?" மூத்தவன் வேலிக் கம்பியைத் தட்டினான். "இனிமே பின்னாடி ஆள் படுக்க வேண்டிய வேலையும் இல்ல. பின்சீட்ட மாட்டிடலாமான்னு பாக்கறேன். அப்பறம், மேல் ரூம்ல டயர் அடுக்கலாம்னு உங்க அண்ணி சொல்றா. அவசரமில்ல. இந்த மாசத்துக்குள்ள பாத்துக்க."

புருசனும் பெண்டாட்டியும் மேல் அறையிலிருந்து சாமான்களை இறக்கின அன்று, வேனில் திரும்பி வந்த மூட்டை பட்டறைச் சுவர் ஓரம் சாக்கடைப் பக்கமாகக் கிடந்தது. அவள் அதன் பக்கத்தில் குந்தினாள். தான் போட்ட தையலைத் தானே பல்லால் கடித்துப் பிரித்தாள். மணலைக் கொட்டினாள். உடுப்பை உதறிப் பார்த்து, "நல்லாத்தான இருக்கு. முட்டிலதான் தேஞ்சிருக்கு" என்றாள். அக்காள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

துவைத்துக் காயவைத்த பிறகும் அந்த உடுப்பின் பையில் மணல் நெருடியது. அதைப் போட்டுக்கொண்டுதான் இளையவன் லாரிகளுக்குப் பட்டை ஸ்பிரிங் மாற்றுகிற ஒரு பட்டறைக்கு வேலை கேட்டுப் போனான். முதலாளி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"கார்க்காரங்க வீட்டுத் தம்பிதான நீ? இங்க உள்ள படுத்துக்கிட்டு வேடிக்கை பாக்கற வேலையெல்லாம் கெடையாது."

"தெரியுங்க."

"வண்டி ஓட்டத் தெரியுமா? வாசல்ல நிக்கிறத உள்ள கொண்டாந்து விடு, பாப்போம்."

வாசலில் நின்றது செங்கல் ஏற்றின லாரி. இளையவன் ஏறி உட்கார்ந்தான். உள்ளங்கையை உடுப்பில் துடைத்துக்கொண்டான். கிளட்சை விட்டான். பின்னால் அத்தனை செங்கல் இருந்தது. லாரி ஒரு துள்ளல்கூடத் துள்ளாமல் கிளம்பி, வாசலைத் தாண்டி, சுவர் வரைக்கும் போய் நின்றது.

"போதும், எறங்கு. அடியில போயி வேலையப் பாரு" என்றார் முதலாளி.