படிக்கட்டடியில் நின்ற சைக்கிள்

அறுபதுகளில் சிங்கப்பூரில் ஒரு மழைக்காலம். மனைவிக்குக் காதலன் இருக்கிறான் என்று நம்பினேன். குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வேலை முடிந்ததும் நான் மழையிலும் நண்பர்களோடு சாங்கிக் கடற்கரைக்குச் சைக்கிள் மிதிப்பேன். தினமும் சண்டை போட்டவள் திடீரென்று நிறுத்திவிட்டாள். அதுதான் உறுத்தியது.

ஒருநாள் பாதியில் திரும்பினேன். சிராங்கூன் சாலையில் எங்கள் வீட்டுப் படிக்கட்டடியில் வேறொரு சைக்கிள் நின்றது. நடுக்கம்பி இல்லாத பெண்கள் சைக்கிள் என்பதுகூடப் பொறாமைக் கண்ணுக்குத் தெரியவில்லை. மேலே போய்க் கேட்கும் வீரம் எனக்கு ஏது? இரண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டுத் தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

இறங்கி வந்தவர் மருத்துவச்சி.

“யாருலா காத்தைப் பிடுங்கினது?” என்றவர் என்னைப் பார்த்துவிட்டார். “நீங்க யாரு?”

“மேல்வீட்டுக்காரன்.”

“பிள்ளையோட அப்பாவா! ஊர்லயே இல்லன்னுல்ல நெனச்சேன்.”

பிள்ளை எடை ஏறவில்லை என்று பத்து நாளாக அவர் வந்துகொண்டிருந்தார். பத்து நாளும் நான் வீட்டில் இல்லை.