நிற்காமல் கேட்ட சத்தம்

கால்நடை மருத்துவம் படிக்கும் என் பேத்தி, எதை வாங்குவது என்று சோதித்துப் பார்க்க இரண்டு ஸ்டெதஸ்கோப்புகளை இரவல் கேட்டு விருத்தாசலத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். அன்று எங்கள் பசு காலையிலிருந்து அசைபோடவில்லை. மெல்லிய குழாய் உள்ளதை அதன் இடப்பக்க வயிற்றில் வைத்துக் கேட்டாள்.

"வயிறு நல்லா வேலை செய்யுது தாத்தா. சும்மா பயப்படாதீங்க."

எனக்கு மனம் ஆறவில்லை. "மாட்டு வயித்துச் சத்தம் நிமிஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவதான் கேக்கும்னு நீதான சொன்ன? இப்ப எத்தன?"

"நிக்காம கேக்குது..." என்றவள் சட்டென்று பக்கத்துப் பீங்கான் பட்டறையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே மண் அரைக்கும் எந்திரம் உருண்டுகொண்டிருந்தது. அந்தச் சத்தம் எங்களுக்குப் பழகிப்போய் வருடக்கணக்காகிறது.

வெளிச்சத்தம் புகாத தடித்த குழாயை மாட்டினாள். நான் கடிகாரத்தைப் பார்த்து நொடிகளை எண்ணினேன். நூற்றிருபதைத் தாண்டிவிட்டது.

"ஒண்ணுமே கேக்கல தாத்தா. டாக்டருக்கு போன் போடுங்க."

மருத்துவர் வந்து ஊசி போட்டுப் போனார். அதன் பிறகும் அவள் மாட்டை விட்டு நகரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் தடித்த குழாயைக் காதில் வைத்தபடியே, வயிற்றுச் சத்தம் ஒன்று கேட்டதும் ஒரு விரலை உயர்த்தினாள். இரண்டாவது விரல் உயரும்வரை நான் கடிகாரத்தைப் பார்த்து நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.